நெல்லைச் சீமையில் நிரல் எழுதத் தொடங்குவோருக்கு: கரண்ட், லேப்டாப், அன்றாடக் கருவிகள்

முதல் லேப்டாப் வாங்கும்போது கையிலுள்ள பணம் முழுக்க பிராசஸரின் பெயருக்கும் பெட்டியின் பளபளப்புக்கும் போய்விடுகிறது. வேலைக்கு உட்கார்ந்த பிறகு தடங்கல் வருவது வேறு பக்கத்திலிருந்து. கரண்ட் போய் ரவுட்டர் அணைகிறது, ரேம் நிறைந்து திரை உறைகிறது, சேமிக்காத கோப்பு அப்படியே போகிறது. பாளையங்கோட்டையில் படிப்பை முடித்துவிட்டு அம்பை, ஆலங்குளம், வள்ளியூர் என்று வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கப் போகிறவர்களுக்கும், கங்கைகொண்டானிலோ, 2011 முதல் சோஹோ இயங்கிவரும் தென்காசி மத்தளம்பாறையிலோ பயிற்சிக்குச் சேரப் போகிறவர்களுக்கும் எழுதியது இது. எதை முதலில் வாங்குவது, எதை முதலில் நிறுவுவது என்ற வரிசைதான் இங்கே முக்கியம். வரிசை மாறினால் செலவும் கூடும், வேலையும் நிற்கும்.

கரண்டைப் பார்த்துவிட்டு மேசையைப் போடுங்கள்

மேசை போடும் இடத்தைத் தீர்மானித்ததும் அங்கிருக்கும் ப்ளக் பாயிண்டைச் சோதியுங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். முதல் இரண்டும் 230 வோல்ட்டை ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்றாவது 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100, 120 என்று அந்தரத்தில் நின்றால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லையென்றால் போர்டில் இணைக்கவே இல்லை.

உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும். பெரும்பாலும் அது எர்த் இல்லாததன் அடையாளம். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது இறங்கிப்போகும், இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடலிலேயே நிற்கும். இரண்டு பின் சார்ஜரில் எர்த் சரியாக இருந்தாலும் இந்தக் கூச்சம் வரலாம். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் ஓட்டையில் செருகுவதற்காக மாட்டும் சின்ன அடாப்டரை வீட்டிலேயே வைக்காதீர்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கோடையில் மண் வறண்டு எர்த் குழி காய்ந்து போகும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதைப் பெரியவர்கள் சும்மா செய்யவில்லை, ஈர மண்ணில்தான் மின்சாரம் எளிதாக இறங்கும்.

அடுத்தது, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்ற கணக்கு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி பிற்பகல் 2 வரைக்கும், சில நாள் மாலை வரைக்கும் போகும். அறிவிப்பு துணை மின்நிலையத்தின் பெயரில் வரும். உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் தேடினால் கண்ணில் படாமல் போகலாம். எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து உங்கள் தெருவுக்கு லைன் வருகிறது என்பதை லைன்மேனிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

வீட்டில் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட் மணி. காகிதத்தில்தான் அவ்வளவு. மாற்றத்தில் போகும் இழப்பு, பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதையெல்லாம் கழித்தால் 1,100 அளவுக்குக் கைக்கு வரும். லேப்டாப் 45 வாட், ரவுட்டர் 12, மானிட்டர் 25, விளக்கு 10, சாதாரண சீலிங் ஃபேன் 75. மொத்தம் 167 வாட்டுக்கு ஆறரை மணி நேரம் ஓடும். இதில் ஏறக்குறையப் பாதியை விழுங்குவது ஃபேன் என்பதைக் கவனியுங்கள். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனை மாட்டினால் அதே பேட்டரி ஒன்பது மணி நேரத்தை எட்டும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுவது புத்திசாலித்தனம். பேட்டரி இரண்டு மூன்று வருடம் ஓடியிருந்தால் இந்தக் கணக்கில் கணிசமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வாங்கினால் போதும், லேப்டாப்புக்குத் தன் பேட்டரி இருக்கிறது. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்டேதான் வேண்டும், 9 வோல்ட் கொடுத்தால் சரிவராது. ஆம்பியர் அதில் போட்டிருக்கும் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்பியர் யுபிஎஸ் மாட்டினால் வைஃபையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்ததும் ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரியும். நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, காரணம் கையிலேயே இருக்கிறது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் வாங்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. அது கோப்பைச் சேமித்து முறையாக அணைப்பதற்கான பத்து நிமிடத்தைத்தான் தரும். அதை நம்பி மீட்டிங்கில் உட்காராதீர்கள்.

சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலையடிவார ஊர்களில் இடி பலமாக விழும். அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே பிடுங்கி வையுங்கள். லேன் கேபிள் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். செப்புக் கம்பி எதுவானாலும் மின்னலுக்கு வழிதான்.

லேப்டாப்: ரேமும் எஸ்எஸ்டியும் முதலில்

புதிதாக வாங்குவதென்றால் 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்), 1920 க்கு 1080 ஐபிஎஸ் திரை. இந்த மூன்றும் அமைந்த பிறகு மீதிப் பணத்துக்கு எந்த பிராசஸர் வருகிறதோ அதை எடுங்கள். காரணம் எளிது: நிரல் எழுதும் எடிட்டர், இருபது டேப் திறந்த குரோம், ஒரு டேட்டாபேஸ், நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் என்று சேர்ந்தால் 8 ஜிபி நிறைந்துவிடும். நிறைந்ததும் கணினி ரேமில் இருப்பதை எஸ்எஸ்டிக்கு மாற்றி மாற்றி எடுத்துவரும். ரேமோடு ஒப்பிட்டால் எஸ்எஸ்டியின் வேகம் பல மடங்கு குறைவு. எவ்வளவு விலை உயர்ந்த பிராசஸரும் அப்போது காத்துக்கொண்டுதான் இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி) ஓட்டப் போகிறவர்களுக்கு 16 ஜிபிதான் தொடக்கம்.

கடையில் பெட்டியைப் பிரித்ததும் விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கே காட்டும். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் இப்போது 8 ஜிபியோடு எடுத்துவிட்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் வாங்கிய அளவோடு காலம் தள்ள வேண்டியதுதான், ஆகவே கடைக்காரரிடம் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். கூடுதல் ரேம் வாங்கும்போது டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

வீட்டில் பழைய லேப்டாப் கிடக்கிறதா? 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததாகக்கூட இருக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள், 256 ஜிபி போதும். ரேமை 8 ஜிபிக்கு உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். அதில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினால் பைதானும் வெப் பக்கங்களும் பழகத் தாராளமாகப் போதும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளுக்கு லினக்ஸே நல்ல வழி.

கத்திரி வெயிலில் லேப்டாப் மந்தமாவது பலருக்குப் புரிவதில்லை. பிராசஸர் சூடு 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஓட்டு வீடு, தகர ஷீட் போட்ட மாடி அறை, அதில் மெத்தை மேல் வைத்த லேப்டாப் என்றால் காற்று உள்ளே போகும் ஓட்டையே அடைபட்டுவிடும். கடினமான பலகை மேல் வையுங்கள், பின்பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து தூசியை ஊதுங்கள். ஊதும்போது குட்டி ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். உவரி, கூடங்குளம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக மேசையைப் போட வேண்டாம். உப்புக்காற்று யுஎஸ்பி, சார்ஜிங் துளைகளைத்தான் முதலில் அரிக்கும்.

நெட்டுக்கு இரண்டு வழி

ஃபைபர் ஒன்று, கைபேசி ஒன்று. இரண்டும் வேறு வேறு நிறுவனமாக இருக்கட்டும். ஒரே நிறுவனமென்றால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும் வாய்ப்பு அதிகம். ஃபைபர் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது சரியாகாது, நேரே ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். சிவப்பு எரியாமல் நெட் மட்டும் இல்லையென்றால் அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் நெட் போகிறதென்றால் ஆபரேட்டர் பக்கத்துக் கருவிக்குப் பேக்கப் இல்லை. இணைப்பு வாங்குமுன் அதே தெருவில் வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “கரண்ட் போனா நெட் நிக்குமா, போயிருமா?”

கைபேசி நெட்டை யுஎஸ்பி கேபிள் வழியாக எடுத்தால் போன் சூடாவதும் குறையும், இணைப்பும் நிலையாக இருக்கும். தினம் 2 ஜிபி கிடைக்கும் திட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு (அளவுள்ள இணைப்பு) என்று குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட் ஒன்றே அன்றைய பங்கைத் தின்றுவிடும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பெரிய ரெப்பாசிட்டரி (ஒரு புராஜெக்டின் கோப்புகளும் அவற்றின் வரலாறும்) ஒன்றை எடுக்கும்போது டெப்த் 1 என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பழைய வரலாறு இறங்காமல் இன்றைய நிலை மட்டும் வரும். உபுண்டு லினக்ஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. அதை ஃபைபர் இருக்கும் நண்பர் வீட்டில் இறக்கி பென் டிரைவில் எடுத்து வாருங்கள்.

நிறுவும் வரிசை

விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பழக விரும்பினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். உபுண்டு தானாக வந்துவிடும். இதில் புதியவர்கள் மாட்டும் இடங்கள் இரண்டு. டபிள்யூஎஸ்எல் கேட்டுப்பெறும் ரேமுக்கு உச்சவரம்பு, இயல்பில், கணினியிலுள்ளதில் பாதி. 8 ஜிபி கணினியில் அது நெருக்கடிதான், அதன் கன்ஃபிக் கோப்பில் 3 ஜிபி என்று வரம்பு போடுங்கள். இரண்டாவது, புராஜெக்ட் கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைத்து லினக்ஸ் பக்கமிருந்து ஓட்டுவது. இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒவ்வொரு கோப்பும் தாண்டித் தாண்டி வருவதால் எல்லாம் ஆமை வேகமாகும். லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள்.

நேரடியாக உபுண்டு போடுவதென்றால் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பையே எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 16 ஜிபி பென் டிரைவும், ஐஎஸ்ஓவை அதில் எழுத ரூஃபஸ் அல்லது பலேனா எட்ச்சரும் வேண்டும். விண்டோஸோடு சேர்த்து வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரிகவரி எண்ணை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். கையில் இல்லாதவர்களுக்கு அந்த டிஸ்க்கிலுள்ளது எதுவும் கிடைக்காது.

எடிட்டருக்கு விஎஸ் கோட் போதும், மனம் அலைபாய வேண்டாம். திறந்ததும் ஆட்டோ சேவ் வசதியை இயக்குங்கள். கரண்ட் போகிற ஊரில் இதுதான் முதல் அமைப்பு. எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிகள்) நாலைந்துக்கு மேல் வேண்டாம்: உங்கள் மொழிக்கு ஒன்று, நிரலை ஒழுங்காக அடுக்கும் ஃபார்மேட்டர் ஒன்று, டபிள்யூஎஸ்எல் பயன்படுத்தினால் அதற்கொன்று. எடிட்டர் மந்தமாகிறதென்று வருபவர்களின் கணினியில் பெரும்பாலும் முப்பது எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருக்கும்.

கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் முதல் வாரம் பழக வேண்டியது மூன்று விசைதான். டேப் அழுத்தினால் பெயரை நிரப்பும், கன்ட்ரோல் ஆர் பழைய கட்டளையைத் தேடும், கன்ட்ரோல் சி ஓடுவதை நிறுத்தும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

பைதான் படிக்கிறவர்கள் உபுண்டுவில் கூடுதல் பொதிகளை நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்ததும் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று ஒரு பிழை வந்து நிற்கும். அதை மீறிச் செல்லும் வழியும் அந்தச் செய்தியிலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். உபுண்டுவின் சில பாகங்கள் அதே பைதானை நம்பி ஓடுகின்றன, அதில் கைவைத்தால் அவையும் உடையும். உபுண்டுவின் ஆப்ட் கட்டளை வழியாக பைதான்3 வென்வ் பொதியை நிறுவி, ஒவ்வொரு புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளும் தனி வென்வ் (அந்தப் புராஜெக்டுக்கு மட்டுமான பைதான் சூழல்) உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்த பிறகு பிப் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் வேண்டுமென்றால், பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் மூலம் எல்டிஎஸ் பதிப்பை நிறுவுங்கள். ஒரு நிறுவனத்தில் 18-உம் இன்னொன்றில் 22-உம் கேட்பார்கள், ஒரு கட்டளையில் மாறிக்கொள்ளலாம்.

கிட்: இதில் நேரம் செலவழியுங்கள்

மற்றக் கருவிகளைத் தேவை வரும்போது கற்கலாம். கிட்டை மட்டும் தொடக்கத்திலேயே நன்றாகப் பழகுங்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் வேலைக்காக 2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. இன்று எந்த அலுவலகத்தில் சேர்ந்தாலும் முதல் நாள் கேட்பது இதைத்தான்.

நிறுவியதும் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் கிட் கன்ஃபிக்கில் பதியுங்கள். அலுவலக வேலைக்குச் சொந்த ஜிமெயில் போய் ஒட்டிக்கொண்டால் பின்னால் மாற்றுவது பெரிய வேலை, அதனால் அலுவலக ஃபோல்டரில் தனியாக அலுவலக முகவரியை அமைத்துவிடுங்கள். அடுத்து, பாஸ்வேர்டு இல்லாமல் சர்வருக்கு உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவி. எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையில் ஈடி25519 வகையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கோப்பு உருவாகும். பப் என்று முடிவதை மட்டும், கிட் ரெப்பாசிட்டரிகளைச் சர்வரில் வைத்துக்கொள்ளும் கிட்ஹப் தளத்தின் கணக்கில் ஒட்டுங்கள். மற்றது உங்கள் வீட்டுச் சாவி, யாருக்கும் அனுப்பக் கூடாது. கிட்ஹப் பாஸ்வேர்டை டெர்மினலில் அடித்து அடித்துத் தோற்பவர்கள் இன்னும் உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்தே கிட் வேலைகளுக்கு அங்கே பாஸ்வேர்டு செல்லாது, எஸ்எஸ்எச் சாவியோ டோக்கனோ வேண்டும்.

தினசரிச் சுற்று இப்படி இருக்கட்டும். காலையில் புல் (சர்வரிலுள்ள புதிய மாற்றங்களை இறக்குவது). வேலைக்கொரு புதிய கிளை (மற்றதைத் தொடாத தனித்தடம்). கொஞ்சம் எழுதியதும் ஸ்டேட்டஸ் (எந்தக் கோப்பு மாறியது), பிறகு டிஃப் (எந்த வரி மாறியது). டிஃப் பார்க்காமல் கமிட் (மாற்றத்தை வரலாற்றில் பதிவது) போடும் வழக்கம் வந்துவிட்டால் விடாது. ‘கிட் ஆட் புள்ளி’ என்று எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதற்குப் பதிலாக ‘ஆட் ஹைஃபன் பி’ கொடுத்துப் பாருங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா வேண்டாமா என்று கேட்கும். சோதனைக்குப் போட்ட பிரின்ட் வரிகள், தவறிப்போய் அடித்த எழுத்து எல்லாம் அங்கேயே கண்ணில் படும். பிறகு கமிட். செய்தியில் ‘அப்டேட்’ என்று ஒற்றைச் சொல் எழுதாமல் என்ன மாற்றினீர்கள், ஏன் என்று எழுதுங்கள். கடைசியாக புஷ் (சர்வருக்கு ஏற்றுவது).

கெட்டுப்போகும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி (வெளிச் சேவையைப் பயன்படுத்த அனுமதிக்கும் ரகசிய எண்) இருக்கும் என்வ் கோப்பை முதல் கமிட்டுக்கு முன்பே, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைக் குறிக்கும் கிட்இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தவறிப்போய் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதல் வேலை, அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது எடுப்பது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான்.

ஒரு வரி மாற்றியதற்கு முழுக் கோப்பும் மாறியதாக டிஃப் காட்டினால் வரி முடிவுக் குறி மாறியிருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறி இடும், லினக்ஸ் ஒன்றுதான் இடும். ரெப்பாசிட்டரியில் கிட் ஆட்ரிப்யூட்ஸ் கோப்பு ஒன்றை வைத்து, டெக்ஸ்ட் ஈக்குவல் ஆட்டோ என்ற விதியை எழுதினால் அந்தத் தொல்லை தீரும்.

டெஸ்க்டாப்பில் கமிட் போடுகிற நொடியில் கரண்ட் போனால் ‘ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி’ என்று அடுத்த முறை கிட் மறுக்கலாம். டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் அணைந்ததால் அந்தக் கோப்பு வெறும் பெயரோடு நிற்கிறது. பதற வேண்டாம். அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, சர்வரிலிருந்து புதிதாகக் குளோன் (முழு நகல்) எடுங்கள். பழைய ஃபோல்டரிலிருந்து நீங்கள் மாற்றிய கோப்புகளை மட்டும் நகலெடுங்கள். மறைந்திருக்கும் கிட் ஃபோல்டரை எடுக்கக் கூடாது. புஷ் ஆகாத கமிட்டுகளின் வரலாறு போகும், கோப்பின் இன்றைய நிலை மிஞ்சும். ஆகவே மழைக்காலத்தில் மணிக்கொருமுறை புஷ் பண்ணுவது நல்ல பழக்கம்.

பிழையைத் தேட

பிரின்ட் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் டிபக்கரையும் முதல் மாதமே பழகுங்கள். விஎஸ் கோடில் எஃப்9 நிறுத்தப்புள்ளி வைக்கும், எஃப்5 ஓட்டும், எஃப்10 அடுத்த வரிக்குப் போகும், எஃப்11 ஃபங்ஷனுக்குள் நுழையும். எஃப்10 அழுத்தியதும் திரை வெளிச்சமோ சத்தமோ மாறினால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டிய லேப்டாப் அது. வெப் வேலைக்கு பிரவுசரில் எஃப்12. அதன் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். களக்காடு மலையடிவாரத்தில் ஒரு கோடு சிக்னலில் திறப்பவருக்கு உங்கள் பக்கம் எப்படி வரும் என்பது அப்போது தெரியும். இது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் செய்ய வேண்டிய சோதனை.

ஏஐ உதவிக் கருவிகளைப் பயன்படுத்தலாம். அது எழுதித் தரும் ஒவ்வொரு வரியும் ஏன் என்று உங்களால் சொல்ல முடிகிறவரை கமிட் போடாதீர்கள். அலுவலக நிரலை அங்கே ஒட்டலாமா என்று முதலில் மேலாளரிடம் கேளுங்கள்.

தமிழ் எழுத்து

உள்ளூர் வேலை என்றாலே தமிழ்ப் பெயர், தமிழ் முகவரி வரும். தட்டச்சுக்கு 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில் அமைந்திருக்கும், கை சீக்கிரம் பழகும். விண்டோஸிலும் உபுண்டுவிலும் நிறுவிக்கொள்ளலாம்.

இனி ஒரு பெயரை எடுத்துப் பார்ப்போம்: ‘நெல்லை’. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைதானில் நீளத்தைச் சொல்லும் லென் கேட்டால் 6 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது ந, கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என்று ஆறு தனிக் குறியீடு. அந்த எண்களைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 18 பைட். முதல் மூன்று எழுத்தை வெட்டித் தா என்று நிரலிடம் சொன்னால் ‘நெல’ என்று வரும், புள்ளியும் போய்விடும். ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்து வைக்கும் வார்கேர்2 இடத்தின் அளவு இயல்பில் பைட்டில் கணக்கிடப்படும், 10 என்று வைத்த இடத்தில் நெல்லை நுழையாது. மை எஸ்கியூஎல் எழுத்துக் குறியீட்டில் கணக்கிடும், அங்கே நுழைந்துவிடும். எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் எழுதினால் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70 குறியீடு என்பதை வைத்துச் செலவைக் கணக்கிடுங்கள். எழுத்தை எழுத்தாக எண்ண வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் இருக்கிறது.

காற்புள்ளியால் பிரித்து எழுதிய சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் திறந்ததும் தமிழ் முழுக்கக் கோணல்மாணலாக வருகிறது என்ற புகார் கண்டிப்பாக வரும். தரவு கெடவில்லை. தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளம் இல்லாததால் எக்ஸெல் அதை யுடிஎஃப்-8 என்று அறியவில்லை. பைதானில் எழுதும்போது யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

மேசை, உடம்பு

லேப்டாப்பைக் குனிந்து பார்த்தே எட்டு மணி நேரம் போனால் கழுத்து கேட்கும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி புத்தகங்களை அடுக்கி உயர்த்துங்கள். அப்படி உயர்த்தினால் தனிக் கீபோர்டும் மௌஸும் கட்டாயம். சாதாரணக் கீபோர்டே போதும். அடுத்த பணம் கையில் வந்ததும் 24 அங்குல மானிட்டர் ஒன்று, ஒரு கை தூரத்தில். நாற்காலிக்குச் செலவழிப்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

உதவி கேட்கும் முறை

சிக்கிக்கொண்டால் மூத்தவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்கும் விதம்தான் முக்கியம். “அண்ணே, புரோகிராம் ஓட மாட்டேங்கு” என்று மட்டும் அனுப்பினால் அவர் திரும்ப நாலு கேள்வி கேட்க வேண்டும், அதற்குள் அவருக்கு மீட்டிங் வந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

“அண்ணே, லாகின் பக்கம் நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்குக் காலைல புல் எடுத்த பெறகு 500 பிழை வருது. பிழைச் செய்தி முழுசும் கீழே ஒட்டியிருக்கேன். உபுண்டு 24.04, நோட் 22. நோட் மாட்யூல்ஸ அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பாத்துட்டேன், அப்பவும் அதேதான். நேரம் கெடைக்கும்போது பாருங்க.”

பிழைச் செய்தியைத் திரையிலிருந்து கைபேசியில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள். அவர் அதை அப்படியே எடுத்துத் தேட முடியும். முதல் வரியும் கடைசிச் சில வரிகளும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பைதானில் உண்மையான காரணம் கடைசி வரியில்தான் இருக்கும். ஒட்டுமுன் அதில் பாஸ்வேர்டோ வாடிக்கையாளரின் கைபேசி எண்ணோ இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.